மேசைமேல் ஒரு லாரி நிறுத்தம்

"அந்த மூலையில என்ன வரப்போகுது?" என்று அக்கா கேட்டாள்.

பொம்மை ரயில் ஓடும் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்த தம்பி அப்படியே கிடந்தான். அக்கா தானாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டு மாதக்கணக்காகிறது. சன்னலில் குருவி வந்து உட்கார்ந்திருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல, அசைந்தால் போய்விடுவாளோ என்று பயந்தான்.

"ஏரி ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன்க்கா."

"ஏரி வேணாம். லாரி நிக்கிற இடம் கட்டு. அவர் கடைசியா நின்னாரே, அந்த இடம்."

அவர் என்றால் அவள் கணவர், தம்பிக்கு மாமா. லாரி ஓட்டுநர். போன மழைக்காலம் முடிந்த கையோடு, நெடுஞ்சாலையோரத்து லாரி நிறுத்தம் ஒன்றில், பட்டப்பகலில், வண்டியை ஓரங்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். கதவைத் திறந்து பாதி இறங்கியிருந்தார். ஒரு கால் படியில் இருந்தது, ஒரு கை கதவுக் கைப்பிடியில் சிக்கியிருந்தது. பொழுது சாயும் நேரம் பக்கத்தில் வண்டி நிறுத்த வந்த ஒருவன் பார்க்கும்வரை அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தார்.

அவரோடு இன்னொரு லாரியில் சரக்கு ஏற்றிவந்த நண்பர் அந்த நேரத்தில் நிறுத்தத்துச் சாப்பாட்டுக் கடையில், சன்னலோர மேசையில் இருந்தார். எந்தச் சாலையில் போனாலும் டயர் வெடிக்கிற ராசி அவருக்கு. அதனால் ஓட்டுநர்கள் மத்தியில் அவர் பெயர் பஞ்சர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார் என்று மாமா சொல்வார். "வழக்கம்போலத் தூங்குறான்னு நெனச்சேன் தங்கச்சி. வண்டி அந்தப் பக்கம் எங்கயோ நின்னுச்சு. நான் பாக்கவே இல்ல" என்று உடலோடு கூடவே வந்தவர் அக்காவின் முன்னால் நின்று சொன்னார். அன்று அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு ஒரு பெட்டியோடு தம்பியின் வீட்டுக்கு வந்து உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. தட்டு போகும், தட்டு திரும்பி வரும். தட்டில் இருப்பது குறைந்திருக்காது.

தம்பி பொய்ப்பல் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவன். மாவில் அச்செடுத்து, மெழுகில் ஈறு வார்த்து, முகம் தெரியாத ஆட்களுக்குச் சிரிப்பு செய்துகொடுக்கிற வேலை. கல்யாணமாகவில்லை. முன்னறை முழுக்க ரயில். சுவரிலிருந்து சுவர்வரை ஒரு மேசை, அதன்மேல் மலை, பாலம், நிலையம், வட்டமாக ஓடும் தண்டவாளம். வருகிற மனிதர்கள் உட்கார ஓரமாக இரண்டு ஸ்டூல். "உன் வீட்ல பொம்மைக்குத்தான் இடம், மனுஷனுக்கு டிக்கெட் இல்ல" என்று மாமா கேலி செய்த மேசை அது.

கேட்டதைத் தட்ட அவனுக்கு மனம் வரவில்லை. விடுமுறை நாளில் பேருந்து ஏறிப் போய் அந்த இடத்தைப் பார்த்தான்.

அது சாலையோரத்து நிறுத்தம் என்பதைவிட ஒரு மைதானம். முகப்பில் நீளச் சன்னல் வைத்த சாப்பாட்டுக் கடை. அதைத் தாண்டி டீசல் பம்புகள். அப்புறம் பழைய டயர்களைக் கோபுரமாக அடுக்கிய ஒரு கடை, எடைமேடை, வண்டி கழுவும் கொட்டகை. அதற்கும் அப்பால்தான் லாரிகள், வரிசை வரிசையாக. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மாமா நின்ற இடத்தில் வேறொரு லாரி நின்றது. அதன் ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே காலை நீட்டி, பாட்டுக் கேட்டபடி கண்ணயர்ந்திருந்தார். அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்பி படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

ரயில் கட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அளவு எண்பத்தேழில் ஒரு பங்குதான். ஆனாலும் ஒரு நிஜ நிலையத்தை அந்தக் கணக்குப்படி அப்படியே கட்டினால் அது வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். ஆகவே சுருக்குவார்கள். பத்து நடைமேடைக்கு இரண்டு வைப்பார்கள், ஒரு தெரு வீடுகளுக்கு நாலு வீடு. திரும்பத் திரும்ப வருவதை எடுத்துவிட்டு, நடுவில் கிடக்கும் வெற்று நிலத்தைப் பாயைப்போல மடித்துவிட்டு, முக்கியமானவற்றை மட்டும் பக்கம் பக்கமாக நிறுத்துவார்கள். பார்க்கிறவர்கள் "அப்படியே இருக்கே!" என்பார்கள். செய்கிறவனுக்கும் அது பொய்யாகத் தோன்றாது. கண்ணாடி போட்டவனுக்குத் தன் கண்ணாடி தெரியாது.

தம்பியின் கையும் அதையேதான் செய்தது. டீசல் பம்புகளையும் எடைமேடையையும் கழுவும் கொட்டகையையும் எடுத்துவிட்டான். டயர் கடையைச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் தள்ளினான். அத்தனை வரிசை லாரிகளும் ஒரே வரிசையில் நான்காக ஆயின. நான்காவது, மாமாவுடையது. மூலை சின்னது, அதற்குள் அடங்கியது. அவன் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அக்கா முதல் நாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அடுத்த நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன மாவு இது?"

"பல்லு அச்செடுக்குற மாவுதான். ரோட்டுக்கு நல்லா வரும்."

"அப்ப உன் ஊர்க்காரன் குப்புற விழுந்தா பல்லு மேலதான் விழுவான்."

"உடைஞ்சா உடனே புதுசு கட்டிரலாம்ல."

அவள் சிரித்தாள். சின்னதாக, மூக்கால்தான். அவன் குனிந்து வேலையைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டான்.

அவளுக்கு நல்ல கை. கறுப்புச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, லாரிகள் நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டிய கறைகளை வைத்தாள். கடைக்குள் நகம் அளவு மேசைகளை ஒட்டினாள். கல்லாவின் மேல் சர்க்கரைப் போணி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, ஒரு பொய்ப்பல்லை அறுத்துப் போணி செய்தாள். "யார் வாயிலயோ இருக்கவேண்டியது, சக்கரை ஆயிருச்சு" என்றாள். மாமாவின் லாரிக்குத் தார்ப்பாய் போர்த்த, தம்பியிடம் கிழிந்த குடையின் நீலத் துணிதான் இருந்தது. மாமாவின் தார்ப்பாய் பச்சை. "பரவால்ல விடு, எங்கயாவது மாத்திருப்பாருன்னு வச்சுக்கோ" என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த நாட்களில் அவள் குளித்தாள், தலை வாரினாள், உப்பு அதிகமாகப் போட்டாலும் சமைத்தாள். கூடத்தில் அச்சு தேய்க்கும்போது தம்பி தன்னையறியாமல் விசிலடித்தான்.

வேலை முடிந்த அன்று அக்கா கடையின் கூரையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். மேசை விளிம்பில் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடி, கடைக்குள்ளிருந்து சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"டேய், இங்க வா."

"என்னக்கா?"

"இங்கருந்து தெரியுது."

"என்ன தெரியுது?"

"அவர் வண்டி. கதவு, படி, எல்லாம் தெரியுது. கையை நீட்டினா தொட்டுரலாம்." எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "பாக்கவே இல்லன்னு சொன்னாரே அந்த ஆளு."

அந்த நொடியில் அவன் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அக்கா நேராக நின்றிருந்தாள். குரல் முழுசாக இருந்தது. கிணற்றில் விழுந்தவளுக்கு எங்கிருந்தோ ஒரு கயிறு கிடைத்துவிட்டது. மேலே வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்தக் கயிற்றின் மறுமுனை யார் கழுத்தில் இருக்கிறது என்று அப்போது அவன் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டம் இல்லாவிட்டால் பஞ்சர் வருவார். கையில் ரொட்டியோ பழமோ இருக்கும். ஒழுகும் குழாயைத் திருகுவார், ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பார், யாரும் சிரிக்காத நகைச்சுவை சொல்லிவிட்டுப் போவார். அன்றும் ரொட்டிப் பையோடு வந்தார்.

"என்னப்பா ஸ்டேஷன் மாஸ்டர், ரயில் நேரத்துக்கு வருதா? நான் வேணா பின்னால நின்னு தள்ளட்டுமா?"

"அண்ணே, இங்க வாங்க" என்றாள் அக்கா. "குனிஞ்சு பாருங்க."

"மூட்டு மடங்காதேம்மா."

"மடங்கும். குனிங்க."

அவர் மேசையைப் பிடித்து மெல்ல மண்டியிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடேங்கப்பா! அதே கடைப்பா. இந்தக் கல்லா, இந்தப் பலகை... யப்பா, சக்கரைப் போணிகூட வச்சிருக்கீங்க!" குழந்தைபோல் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அன்னைக்கு எங்க உக்காந்திருந்தீங்க?"

"இந்த... இந்தச் சன்னல் மேசைதான்."

"அங்கருந்து பாருங்க. என்ன தெரியுது?"

அவர் பார்த்தார். அவர் மூச்சு பட்டு மேசைமேல் இருந்த பஞ்சுப் புதர் ஒன்று ஆடியது.

"சொல்லுங்கண்ணே."

"தெரியுது தங்கச்சி."

"அன்னைக்குத் தெரியலைன்னீங்க."

"தெரியலைன்னுதான்... இல்ல, தெரிஞ்சிருக்கணும். இவ்வளவு கிட்டத்துலயா நின்னுச்சு?"

"எத்தனை டீ குடிச்சீங்க?"

"ரெண்டு."

"ரெண்டாவது டீ வர்ற வரைக்கும் எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க? செவுத்தையா?"

"அக்கா..." என்றான் தம்பி.

"நீ வாயை மூடு."

பஞ்சரால் ஒரே மூச்சில் எழுந்திருக்க முடியவில்லை. தம்பி நீட்டிய கையை அவர் பிடிக்கவும் இல்லை. வாசலில் காலைச் செருப்புக்குள் நுழைக்கப் பார்த்து, முடியாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ரொட்டி ஸ்டூலின் மேல் கிடந்தது. அதை யாரும் தின்னவில்லை.

கயிறு பிடித்து மேலே வந்தவள் கரையேறவில்லை. அக்கா காலையில் எழுந்ததும் மண்டியிடுவாள், தாடையை விளிம்பில் வைப்பாள். முட்டியில் காய்ப்பு விழுந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்களையெல்லாம் குனியவைத்துக் காட்டினாள். குனிந்த எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "கூடவே இருந்து குழி பறிக்கிறதுன்னா இதுதான்" என்று ஒரு சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். அக்கா பஞ்சரின் மனைவிக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுக்காரர் டீ குடிச்சிட்டாரா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். அடுத்த நாளும் கேட்டாள்.

பஞ்சர் வண்டி எடுப்பதையே நிறுத்திவிட்டார் என்ற செய்தி வந்ததும் தம்பி அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா, நான் சுருக்கிட்டேன்."

"என்னத்த?"

"இடத்தை. நிஜத்துல அவ்வளவு கிட்ட இல்ல. நடுவுல பம்பு, டயர் கடை, எடைமேடை, எத்தனையோ வரிசை வண்டி. மூலையில அடங்கணும்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன். இந்த மேசை முழுக்கவே அப்படித்தான். அந்த ஸ்டேஷன், அந்தத் தெரு, எல்லாமே."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ஆளைக் காப்பாத்தணும்னு சொல்ற."

"சத்தியமா இல்லக்கா."

"முதல் நாளே ஏன் சொல்லல?"

அதற்கு அவனிடம் இருந்த பதிலை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது.

மறுநாள் கூடத்தில் அரைநாள் கேட்டுவாங்கிக்கொண்டு பஞ்சரின் வீட்டுக்குப் போனான். திரை இழுத்துவிட்ட அறையில், கட்டில் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. "ஸ்டியரிங்ல கை வைக்கவே மாட்டேங்குறாரு தம்பி" என்று அவர் மனைவி சமையலறையிலிருந்தே, அவன் முகத்தைப் பார்க்காமல், சொன்னாள்.

தம்பி எல்லாவற்றையும் சொன்னான். படங்களைக் காட்டினான். கட்டிலின் மேல் தலையணையைக் கடையாகவும் சீப்பைப் பம்பாகவும் வைத்து விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ நல்ல புள்ளப்பா" என்றார். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற."

"இல்லண்ணே. உங்களால பாத்திருக்கவே முடியாது."

"நான் பாத்தேன். அன்னைக்கு ஞாபகம் வரல. இப்ப நல்லா வருது. சன்னல்ல வெயில் அடிக்குது. அந்தப் பக்கம் அவன் வண்டி, நீலத் தார்ப்பாய். கதவு தொறந்திருக்கு, கால் தெரியுது. எறங்குறான் போலன்னு நெனச்சேன். திரும்பி ரெண்டாவது டீ சொன்னேன்."

"நீலம் இல்லண்ணே, பச்சை. அன்னைக்குக் காலையில நீங்களும் சேந்துதான கயிறு கட்டினீங்க?"

பஞ்சர் யோசித்தார். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார், கயிற்றின் தடம் இன்னும் இருக்கும் என்பதுபோல.

"இல்லப்பா. நீலம்தான்."

"அப்ப வாங்க, அந்த இடத்துக்கே போயிட்டு வருவோம். ஒரு தடவை அந்தச் சன்னல்ல உக்காந்து பாருங்க."

"எதுக்குப்பா? தெனம் அங்கதான உக்காந்திருக்கேன்."

தம்பி வீட்டுக்கு வந்து ரம்பத்தை எடுத்தான். மூலையில் கடையை விட்டுவிட்டு, லாரிகள் நின்ற பகுதியை மட்டும் மேசையிலிருந்து அறுத்தான். தண்டவாளம் இரண்டு இடத்தில் அறுந்தது. இனி ரயில் வட்டமடிக்காது. சத்தம் கேட்டு அக்கா வந்தாள்.

"ரயிலை ஏன்டா அறுக்குற?"

"இடம் பத்தலக்கா."

கடை மட்டும் மேசையில் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் வாசலிலிருந்து ஒரு நீளப் பலகையைப் போட்டான். அது முடியும் இடத்தில் இஸ்திரி போடும் பலகை, அதன் பின்னால் கழற்றிய அலமாரிக் கதவு. முன்னறையைத் தாண்டி, நடையைத் தாண்டி, சமையலறை வாசல்வரை போயிற்று. படங்களைப் பார்த்து, போனிலிருந்த வரைபடத்தில் அளந்து, ஒவ்வொன்றாக வைத்தான். பம்புகளுக்குத் தீக்குச்சிகள். டயர் கடைக்குச் சட்டைப் பொத்தான்களை அடுக்கினான். எடைமேடைக்கு ஒரு சோப்புப் பெட்டி, கொட்டகைக்கு அதன் மூடி. லாரிகள் போதவில்லை; தீப்பெட்டி, மருந்து அட்டை, நூல் கண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வரிசையாக நிறுத்தினான். இந்த முறை எதையும் விடவில்லை. கடைசி வரிசையில், சமையலறை வாசலில், நீலத் தார்ப்பாய் போட்ட லாரியை வைத்தான்.

"பாருக்கா."

அக்கா மண்டியிட்டாள். தாடையை விளிம்பில் வைத்தாள். ஒரு கண்ணை மூடினாள். கண்ணை மாற்றிப் பார்த்தாள்.

"பம்பு தெரியுது. பொத்தான் தெரியுது. அப்புறம் ஒண்ணும் தெரியல. எங்க அவரு?"

"சமையலறை வாசல்ல."

அவள் எழுந்து பலகையை ஒட்டி நடந்தாள். சோப்புப் பெட்டியைத் தாண்டினாள், தீப்பெட்டிகளைத் தாண்டினாள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கணம் நின்று, இதுதானா என்பதுபோல் பார்த்துவிட்டு மேலே நடந்தாள். சமையலறை வாசலில் அந்த லாரியைக் கண்டதும் அதன் அருகில் குனிந்தாள். தம்பி எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். லாரியின் கதவுப் பக்கம் கன்னத்தை வைத்து, அங்கிருந்து கடை இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"இங்கருந்தும் ஒண்ணும் தெரியலடா."

தம்பி கடையின் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தான்.

"கூப்பிட்டிருப்பாரா?"

"தெரியலக்கா."

"கூப்பிட்டா கேக்குமா?"

"கூப்பிடு தூரம் இல்லக்கா அது."

அவள் பலகையில் கன்னத்தை வைத்தபடியே இருந்தாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்க்கும் சத்தம் கேட்டது. கிளம்பவில்லை.

"இவ்வளவு தூரத்துலயா இருந்தாரு" என்றாள். "இவ்வளவு தூரத்துல, ஒருத்தர்கூட..."

"அதைத்தான்க்கா சொல்றேன். பஞ்சர் அண்ணன் மேல தப்பே இல்ல. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. அவரா ஒண்ணைப் பாத்ததா ஞாபகம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவாரு. வா, இப்பவே போலாம்."

"என்ன ஞாபகம் இருக்குங்குறாரு?"

அவன் தயங்கினான். "சன்னல்ல வெயில் அடிச்சுதாம். கதவு தொறந்திருந்துச்சாம். மாமா கால் தெரிஞ்சுதாம்."

"கால் தெரிஞ்சுதாமா?"

"அது நிஜம் இல்லக்கா. இந்தப் பொம்மையைப் பாத்து வந்த ஞாபகம். தார்ப்பாய்கூட நீலம்ங்குறாரு."

"எறங்குறாருன்னு நெனச்சாராமா?"

"ஆமா."

அக்கா நிமிர்ந்து தரையில் உட்கார்ந்தாள். லாரியைக் கையில் எடுக்கவில்லை. விரல் நுனியால் அதன் படியை மட்டும் தொட்டாள்.

"நான் வரல."

"அக்கா, அந்த மனுஷன் செத்துருவாரு. வண்டியைத் தொட மாட்டேங்குறாரு. சாப்பாடு எறங்கலையாம்."

"தெரியும்."

"ஒரு வார்த்தைதான்க்கா!"

"சொன்னா பஞ்சர் அண்ணனும் பாக்கலைன்னு ஆயிரும்டா" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கலக்கியது. "பாத்துட்டுச் சும்மா இருந்தார்னாலும், ஒருத்தர் பாத்தாருன்னு இருக்கு. அதையும் நானே போய் இல்லாம ஆக்கவா?"

"இவ்வளவையும் பாத்துட்டு எப்படிக்கா..."

"இருக்கட்டும். அவர் பாத்தாருன்னே இருக்கட்டும்."

அவள் லாரியின் பக்கத்திலேயே, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. தம்பி கடையின் பக்கமாகவே நின்றிருந்தான். அக்காவிடம் போக நினைத்தான். ஆனால் நடை குறுகல். பலகையைத் தட்டாமல் அந்த முனைக்குப் போக வழியில்லை.